கதிர்வேல் அடைத்த ஓட்டை

கதிர்வேலுக்கு முப்பத்து நான்கு வயது. அதில் பதினாறு வருடம் போர்வெல் ரிக் வண்டியிலேயே போய்விட்டது. சொந்த ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். ஆனால் மகள் பிறந்த அன்று அவன் நாக்பூருக்கு அப்பால் யாரோ ஒருவர் தோட்டத்தில் அறுநூறு அடியில் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் ரிக் வேலை நின்று அவன் ஊர் வந்தபோது குழந்தைக்கு எட்டு மாதம். இவன் கை நீட்டினால் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

குழந்தை சேர்க்காவிட்டால் போகட்டும், வீடாவது சேர்க்குமே. கதிர்வேல் வீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கினான். ஓட்டு வீடு அது. வெயிலுக்காக ஓட்டுக்குக் கீழே பிவிசி சீலிங் அடித்திருந்தார்கள். நான்காம் நாள் பக்கச் சுவரடியில் கறுப்பாக ஏதோ சிந்திக் கிடந்ததைப் பார்த்தான்.

"எலிப் புழுக்கை சாமி, வேறென்ன?" என்றாள் அவன் அம்மா சௌந்திரம்.

"எலி இல்லீங்கத்தை" என்றாள் மனைவி யுவஸ்ரீ. பள்ளிபாளையத்துப் பெண். நர்சிங் ஒரு வருடம் படித்து, கல்யாணத்தோடு நிறுத்தியவள். ஒரு குச்சியால் அதை அழுத்திக் காட்டினாள். தூளாக உதிர்ந்தது, உள்ளே பூச்சி இறக்கை மினுமினுத்தது. "எலியோடதுன்னா கெட்டியா இருக்குமுங்க. இது வவ்வா. அந்த ஓட்டு முக்குல வெரல் நொழையற சந்து இருக்குது பாருங்க, பொழுதோட அது வழியா ஒவ்வொண்ணா வெளிய போகும். பூச்சி தின்னுற சின்ன வவ்வாதானுங்க. அதும்பாட்டுக்கு இருக்குது."

"கொழந்த இருக்கற ஊட்ல வவ்வாலா? அந்தச் சந்த அடச்சுப்போடறேன்" என்றான் கதிர்வேல்.

"அடைக்கிறதுன்னா எல்லாம் வெளிய போனதுக்கப்புறம் அடைங்க. ரெண்டு மூணு நாள் எண்ணிப் பாக்கோணும். உள்ள குட்டி கிட்டி இருக்குதான்னும் பாக்கோணும்."

ரிக்காரனிடம் இதைச் சொன்னால் எடுபடுமா? துளையைத் திறந்து போட்டுவிட்டு இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அவன் முதல் நாள் கற்ற தொழில் சுத்தம். திறந்து கிடந்த குழிகளில் குழந்தைகள் விழுந்த சேதியெல்லாம் கேட்டுப் பழகியவன் அவன். ஓட்டை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் மூடாமல் அவனுக்குச் சோறு இறங்காது. மத்தியானம் யுவஸ்ரீ குழந்தையோடு கண்ணயர்ந்த மூன்று மணிக்கு ஏணி போட்டு ஏறினான். சிமென்ட்டைக் குழைத்துச் சந்தைச் சுத்தமாக அடைத்தான். இறங்கி நின்று தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று யாரும் அப்போது சொல்லவில்லை; எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாலை ஆறரை மணிக்கு சீலிங்குக்கு மேலே பிறாண்டும் சத்தம் கேட்டது. முதலில் ஒரு மூலையில். பிறகு நீளமாக, அறைக்கு அறை. கதிர்வேல் அண்ணாந்து பார்த்தான்.

வெளியே வழியில்லாதது உள்ளே வழி தேடியது. ஃபேன் கொக்கி இறங்கும் இடத்தில் சீலிங்கில் ஒரு வெட்டு உண்டு. அதன் வழியே ஒன்று விழுந்து பறந்தது. அடுத்து இரண்டு. அதற்கடுத்து எண்ண முடியவில்லை. அதே அறையில்தான் தொட்டில். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

சௌந்திரம் விளக்குமாற்றை எடுத்தாள். "அடிக்காதீங்கத்தை!" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் யுவஸ்ரீ. "ஃபேன நிறுத்துங்க! லைட்ட அமத்துங்க! ஜன்னலத் தெறந்து உட்டுட்டு எல்லாரும் வெளிய வாங்க!"

கதிர்வேல் தொட்டிலை எட்டிப் பார்த்தான். குழந்தையின் காதோரம், துணி மடிப்பில், கட்டைவிரல் தண்டி ஒன்று சிறகை விரித்துக் கிடந்தது. அசைந்தது.

"வெறுங்கையில தொடாதீங்க, துணியப் போட்டு..." என்று அவள் முடிப்பதற்குள் அதைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டான்.

யுவஸ்ரீ குழந்தையை வாரிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். ஃபோன் வெளிச்சத்தில் தலை, காது, கழுத்து என்று தடவித் தடவித் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வவ்வா கடிச்ச தடம் கண்ணுக்கே தெரியாதுங்க, நாய்க்கடி மாதிரி வெறிநோய் வந்துரும், ஊசி போடோணும்" என்றாள். குழாயடியில் உட்கார்ந்து சோப்பு போட்டுக் கால் மணி நேரம் குழந்தையின் தலையைக் கழுவினாள். அது வீறிட்டுக் கத்தியது. கதிர்வேல் ஏணியில் ஏறி, இன்னும் இறுகாத சிமென்ட்டைக் கடப்பாரை முனையால் நோண்டி எடுத்தான்.

"மஞ்சளப் பத்துப் போட்டு மந்திரிச்சாப் போதும். பச்சக் கொழந்தைக்கு நாய்க்கடி ஊசியா?" என்றாள் சௌந்திரம்.

"அக்கட்டப் போங்கம்மா" என்று அவளை ஒதுக்கிவிட்டு பைக்கை எடுத்தான் கதிர்வேல். அம்மாவிடம் அவன் அப்படிப் பேசியதே இல்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் யுவஸ்ரீ குழந்தையின் தலையை மறுபடி மறுபடி தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு, "வவ்வாலை யார் எடுத்தது?" என்று கேட்டார். கதிர்வேல் கையை நீட்டினான். சிமென்ட் காய்ந்த கட்டைவிரலைக் கழுவச் சொல்லிப் பார்த்தால், குண்டூசி குத்தியதுபோல் இரண்டு புள்ளி. காய்த்துப்போன கைக்கு அது தெரியவேயில்லை.

அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது. "அப்ப என்னையத்தானுங்க கடிச்சிருக்குது! பாப்பாவ இல்லீங்க!"

"உங்களைக் கடிச்சது தெரியுது. குழந்தையைக் கடிக்கலைன்னு எப்படித் தெரியும்? தூங்கற குழந்தைகிட்ட கிடந்திருக்கு. சந்தேகம்னா கடிச்சதாத்தான் வச்சுக்கணும். ரெண்டு பேருக்கும் ஊசி. கடைசி ஊசி இருபத்தெட்டாம் நாள்."

யுவஸ்ரீயால் பார்க்க முடியவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் சொன்னபடி கதிர்வேல்தான் அந்தச் சின்னத் தொடையைப் பிடித்துக்கொண்டான். ஊசி ஏறியபோது குழந்தை மூச்சடக்கி அழுதது. அவனும் அழுதான். வெட்கப்படவில்லை.

வெளியே வந்ததும் யுவஸ்ரீ, "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க" என்றாள்.

"கேட்டிருக்கோணும்" என்றான்.

மறுநாள் ரிக் மேனேஜர் நாச்சிமுத்து ஃபோன் செய்தார். பத்து நாளில் ரிக் வண்டி வடக்கே கிளம்புகிறதாம். கதிர்வேல் ஊசி விவரத்தைச் சொன்னான்.

"அதுக்கென்னப்பா, அங்க ஆஸ்பத்திரி இல்லியா? மிச்ச ஊசிய அங்க போட்டுக்க."

"எனக்குப் போட்டுக்கலாமுங்க" என்றான் கதிர்வேல். "ஊசி போடறப்ப பாப்பாவ இங்க ஆரு புடிக்கறதுங்க?"