ஜன்னலோரம் பிடித்தவன்

இன்று ஸ்ரீரங்கத்தில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டேன்.

ஏறிப் பார்த்தால், ஒரு அம்மா அங்கே உட்காரப் போனார்.

"கர்ச்சீப் போட்டிருக்கேன்மா."

"சரிங்க" என்று பக்கத்து இடத்தில் உட்கார்ந்தார்.

போனில் வெயில் அடித்ததால் ஷட்டரை இறக்கினேன். 'எது மகிழ்ச்சி?' என்று நண்பர் ஒருவர் முகநூலில் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுத ஆரம்பித்தேன்.

"ஷட்டரைக் கொஞ்சம் தூக்குறீங்களா? காவேரியைப் பாக்கணும். எங்களுக்கு மருங்காபுரிங்க, கெணத்துலயே தண்ணி இல்ல. வரும்போது நின்னுக்கிட்டே வந்தேன், ஒண்ணும் தெரியல."

"ஒரு நிமிஷம்மா."

வரி சரியாக அமையவில்லை. அழித்து அழித்து எழுதினேன். ஒருவழியாக ஷட்டரைத் தூக்கியபோது காவிரிப் பாலம் முடிந்து கடைகள் வந்துவிட்டன.

அவர் கோபப்படவில்லை. "நீங்க தினம் போறவங்கதானே, தண்ணி நெறைய போகுதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"நெறைய போகுதும்மா" என்றேன். நான் ஆற்றைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்பது எனக்கே தெரியாது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"காவேரில தண்ணி நெறைய போகுதாம்டி. பக்கத்துல ஒரு சார், தினம் பாக்குறவரு, அவரே சொன்னாரு."

நான் எழுதி முடித்த பதில் இதுதான்: 'அடுத்தவர் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பதே மகிழ்ச்சி.'

அதற்கு இதயம் போட்டவர்கள் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்று பாலத்தைத் தாண்டியவர்கள் யாராவது சொல்லுங்கள்: காவிரியில் தண்ணீர் போகிறதா?