மூன்றாம் ஓலையில் நான் சொன்னது

தங்கப்பொண்ணைப் பற்றி ஆனையூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். அவள் என் தம்பி சங்கிலியின் பெண்சாதி. அவளுக்குக் கெடுதல் செய்தவள் உலகத்திலேயே ஒருத்திதான். அது நான்தான், ஒச்சாயி. ஆகையால் மற்றவர்கள் சொல்வது இருக்கட்டும், என்னிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டவுனில் மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு அவள் ஆயா. தரை கழுவுவது, துணி அலசுவது, இதுதான் வேலை. ஆனால் மருந்துக்கு அசையாதவர்களும் இவள் வாய்க்கு அசைவார்கள். முனியாயி என்று ஒருத்திக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது. மாமியார்க்காரி வாசலில் நின்று, ‘ராசியில்லாத வயிறு’ என்று கத்திவிட்டுப் போய்விட்டாள். முனியாயி மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. தங்கப்பொண்ணு துடைப்பத்தை ஓரமாகப் போட்டுவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள், “பிள்ளைக்கு என்ன பேரு வைக்கலாம்னு இருந்தீக?” அவ்வளவுதான். அதுவரை அழாதவள் ஓவென்று அழுதாள். அந்தப் பெயரைச் சொல்லி இருவரும் ஜெபம் செய்தார்கள். சாயங்காலம் முனியாயி கஞ்சி குடித்தாள்.

தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் என் தம்பி ரங்கூன் அரிசி மில்லுக்குக் கப்பலேறினான். நாலாம் வருஷம் கார்டு வந்தது. காலராவில் போய்விட்டான், அங்கேயே புதைத்தாயிற்று என்று கூட இருந்த ஆள் எழுதியிருந்தான். தங்கப்பொண்ணு தாலியைக் கழற்றினாள். மூன்று வருஷம் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

பிறகு அவனியாபுரத்து வெள்ளைத்துரை பெண் கேட்டு வந்தார். மில் வேலை, மனைவியை இழந்தவர். அவர் அம்மாவை வார்டில் இவள்தான் பார்த்துக்கொண்டாள். சபைக் குருவானவர் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார். ஆகட்டும் என்றேன். மனதாரத்தான் சொன்னேன், சத்தியமாக.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாளுக்கும் விவாகம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் கேட்பார். யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது ஞாயிறு தங்கப்பொண்ணு தலையில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொல்ல, இவள் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. கூடப் பிறந்தவன் எந்த மண்ணில் கிடக்கிறானோ, ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, இவளுக்குப் பூவா?

எழுந்துவிட்டேன். “தடை இருக்கு அய்யா. என் தம்பி உசிரோட இருக்கான். கப்பல்ல வந்த ஆளு ரங்கூன்ல பார்த்திருக்காரு. தாடையில அதே தழும்போட.”

எந்தக் கப்பல், எந்த ஆள்? ஒருவரும் இல்லை. பாவி நான், அவன் தாடைத் தழும்பை வேறு சேர்த்துச் சொன்னேன்.

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நெசமாவா மதினி? உசிரோட இருக்காரா?” அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அன்றைக்கே பூவை எடுத்துவிட்டாள். மறுபடி தாலிக்கயிறு கட்டிக்கொண்டாள்.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நற்கருணை ஞாயிறு வந்தது. அந்த நாக்கோடு அப்பத்தை எப்படி வாங்குவது? சபை நடுவில் முழங்காலிட்டு, சொன்னது பொய் என்று கதறினேன். தங்கப்பொண்ணு வந்து என்னைத் தூக்கினாள்.

“எனக்காக இப்பப் பொய் சொல்லாதீக மதினி. நான் ஒத்தையில கிடந்துருவேன்னு பயந்துட்டீக. தழும்பு வரைக்கும் பார்த்த ஆளு பொய்யா சொல்லியிருப்பாரு?”

குருவானவர் சொல்லிப் பார்த்தார். அவர் ரங்கூனுக்கு எழுதிய காகிதத்துக்குப் பதிலே இல்லை. வெள்ளைத்துரை அவளிடம் நேரிலேயே வந்து கேட்டார். “நீங்க நல்லவுக. வேற பொண்ணு பாருங்க” என்று அனுப்பிவிட்டாள். ஒரு வருஷம் பார்த்துவிட்டு அவரும் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார். பொய்யை ஒரு நொடியில் நம்பினாளே, மெய்யை நம்ப வைக்க உமக்கென்ன கேடு என்று கர்த்தரோடேயே சண்டை போட்டேன். அவர் மேல் என்ன குற்றம், வாய் என்னுடையது.

நாற்பத்திரண்டில் பர்மா ஜப்பான்காரனிடம் விழுந்தது. காட்டு வழியே நடந்து தப்பியவர்கள் வீங்கிய காலோடு மதுரை ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். தங்கப்பொண்ணு வேலை முடிந்ததும் கஞ்சியோடு அங்கே போய்விடுவாள். புண்ணைக் கழுவிவிடுவாள். சாகக் கிடப்பவன் கையைப் பிடித்து ஜெபிப்பாள். எல்லாம் முடிந்து கடைசியில் கேட்பாள், “சங்கிலின்னு ஒருத்தரு, தாடையில தழும்பு இருக்கும். பார்த்தீகளா அண்ணே?”

கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே அலைந்தேன். ஒரு சாயங்காலம் நாற்பது பேரிடமாவது கேட்டிருப்பாள். நாற்பது பேரும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். என்னால் முடியவில்லை. பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். வார்டில் பேசுகிற அதே குரல்.

“அழுகாதீக மதினி. உங்க தம்பி வந்துருவாரு. நீங்க அன்னைக்கு எந்திரிச்சுச் சொன்ன வார்த்தையிலதான இம்புட்டு நாளும் நான் உசிரோட இருக்கேன்.”

அடுத்த வண்டி வந்து நின்றது. அவள் எழுந்து போய்க் கேட்க ஆரம்பித்தாள்.