வாக்கியத்தோட கேளுங்க

புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா சலவைக்கூடத்து அக்காவை முதன்முதலில் பார்த்தது, அவள் அதிகாரியின் அறையில் நாற்காலியை விட்டு எழ மறுத்த நாளில்தான். ஆஸ்பத்திரியில் மேற்பார்வையாளர் வேலைக்குத் தேர்வு நடந்திருந்தது. கோடிட்ட இடத்துக்கு, கீழே கொடுத்த மூன்று சொற்களில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தாள். அதுதான் குற்றம்.

"பார்த்து எழுதினேன்னு ஒத்துக்கம்மா. விட்டுடறேன்."

"யாரைப் பார்த்து சார்? பக்கத்துல உக்காந்திருந்தது டிரைவர் அண்ணன். அவரே பெயிலு. அவரைப் பார்த்து எழுதியிருந்தா நான் எப்படிப் பாஸாவேன்?"

குமாஸ்தா சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான். அதிகாரிக்கு முகம் சுண்டிவிட்டது.

"சரி, 'லோபி'ன்னா என்ன? சொல்லு."

"தெரியாது."

"பார்த்தியா, மாட்டிக்கிட்ட."

"தனியாக் கேட்டா தெரியாது. வாக்கியத்தோட கேளுங்க. 'அண்ணன் கேட்டவங்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பான், தம்பியோ'ன்னு இருந்துச்சு. தம்பி கொடுக்காதவன்னு அங்கயே தெரியுதே. வள்ளல் ஆகாது. சோம்பேறிக்கு அங்க வேலையே இல்ல. மிச்சம் எது?"

"அது குருட்டு யூகம்."

"வார்டு பேர் இல்லாம மூட்டை வந்தா என்ன பண்றோம் சார்? கூட என்ன கிடக்குன்னு பார்க்கறோம். குட்டிச் சட்டைங்களோட வந்த துண்டு குழந்தைங்க வார்டுக்குப் போகும். இன்னிக்கு வரைக்கும் மாத்தி அனுப்பினேன்னு ஒரு புகார் உண்டா? இந்தத் தம்பியப் புதுசா ஒண்ணு எழுதச் சொல்லுங்க."

அதிகாரி தலையசைத்தார். குமாஸ்தா எழுதி நீட்டினான்: 'வெளியே எவ்வளவு கூச்சல் கிளம்பினாலும் அந்த அம்மா ______ உட்கார்ந்திருந்தார்.' கீழே மூன்று சொற்கள்: ஆரவாரமாய், நிச்சலனமாய், ஈரமாய்.

அவள் உதட்டசைத்துப் படித்தாள். நடுச்சொல்லின் மேல் விரலை ஊன்றினாள்.

"அர்த்தம்?" என்றார் அதிகாரி, விடாமல்.

"இதுக்கு முன்னாடி கேள்விப்பட்டதில்ல. ஆனா கூச்சலுக்கு அசையாதவங்களத்தான் சொல்லுது. நான் இப்போ உக்காந்திருக்கற மாதிரி."

 தேர்வுத்தாளில் தான் எழுதியிருந்த 'சந்தேகம்' என்ற குறிப்பை அதிகாரி அடித்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவள் அந்தத் தாளை வாங்கி, அடித்தது அடித்ததுதானா என்று பார்த்துவிட்டே எழுந்தாள்.

இப்போது சலவைக்கூடத்தின் காலை ஷிஃப்டுக்கு அவள்தான் மேற்பார்வையாளர்.