பக்கத்தில் கரை இல்லை

கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று ராஜபாளையத்துக்கு வந்த பிறகும் எனக்கு ஓர் ஆசை மிச்சமிருந்தது. எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றிவர வேண்டும். என் வயதில் நம் நாட்டில் யாரும் செய்யாத சாதனை அது.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கடல் வரைபடத்தை விரித்து, நான் குறித்திருந்த வழியை மனைவிக்குக் காட்டினேன். அவளுக்கு இதயக் கோளாறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

பசிபிக் கடலின் தென்பகுதியில் விரலை வைத்து, "நீங்க இங்கன இருக்கும்போது எனக்கு ஏதாவது ஆச்சுன்னா எப்படி வருவீங்க?" என்று கேட்டாள்.

"பக்கத்துல கரையே கிடையாது. எந்தப் பக்கம் திரும்புனாலும் வாரக்கணக்கா ஆகும்" என்றேன்.

வரைபடத்திலிருந்து விரலை எடுத்தாள்.

"அப்ப உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு பிள்ளைககிட்டச் சொல்லி வச்சிருதேன். தெரிஞ்சு தனியாக் கெடந்து என்ன செய்வீங்க? நீங்க கப்பல்ல இருந்தப்பவும் அப்படித்தான செஞ்சேன்."

"எதைச் சொல்லாம விட்ட?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வரைபடத்தைச் சுருட்டி வைத்தேன். அத்தோடு பயணத்தையும் விட்டுவிட்டேன். காரணம் கேட்ட நண்பர்களிடம் எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்றேன். அவள் எதைச் சொல்லாமல் விட்டாள் என்று மறுபடி கேட்கத்தான் இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.