அவருடைய எண்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் மருத்துவ முகாம். கணினிப் பதிவு என் வேலை. வரிசையில் முதலில் நின்றவர் ஒல்லியாய், உயரமாய், முன்முடி நரைத்த பெண். தன் பட்டன் போனை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பரிசோதனை முடிவை எந்த எண்ணுக்கு அனுப்புவது என்று கேட்டேன். சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "எல்லாத்துக்கும் என் நம்பரப் போடுங்க மேடம். இவியளுக்கு மெசேஜ் பாக்கத் தெரியாது."

அந்தப் பெண் விடவில்லை. "போன தடவ ஒருத்திக்கு டி.பி. நோயின்னு உங்க போனுக்குத்தான் வந்துச்சு. அவளுக்குத் தெரியுததுக்கு முன்னாடி வேலைய விட்டு நிப்பாட்டிட்டீங்க. என்னுது எனக்கு வரட்டும் அண்ணாச்சி."

"நான் என்ன வேத்தாளா?"

"இல்லங்கிறதாலதான் சொல்லுதேன். தெனமும் உங்க மொகத்துல முழிக்கணும்லா."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சொன்ன எண்ணைப் பதிந்து, சரிபார்க்க ஓடிபி அனுப்பினேன். போன் ஒலித்தது. திரையைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இலக்கமாக நிதானமாகப் படித்துச் சொன்னார். வரிசை முழுவதும் இடுப்பிலிருந்தும் பைகளிலிருந்தும் போன்கள் வெளியே வந்தன. சூப்பர்வைசரின் எண் அன்று ஒரே ஒரு முறை பதிவானது, அவருடைய சொந்த ரத்தப் பரிசோதனைக்கு.

அந்தப் பெண்ணின் பரிசோதனையில் என்ன வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கும் வழியில்லை என்பதில் எனக்கு இன்னும் சந்தோஷம்.