பாட்டிலில் பத்துக் கோடு

என் தங்கை மகளின் கணவரைத் துறைமுகத்தில் எல்லாரும் உச்சாணி என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு மாடி உயரத்தில், ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டில் இருந்துகொண்டு கிரேனை இயக்கிக் கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளை இறக்குவது அவர் வேலை. கூண்டில் கழிப்பறை கிடையாது. ஏணியில் இறங்கி, போய்விட்டுத் திரும்பி ஏற இருபது நிமிடம் பிடிக்கும். அதற்கு அங்கே எல்லாரும் கண்டுபிடித்திருந்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. பத்தொன்பது வருடம் அவரும் அப்படியே ஓட்டினார்.

கல் அடைத்து ஒரு சிறுநீரகம் போனது. மற்றதும் பாதிதான் வேலை செய்கிறது, அதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். முப்பத்தொரு வருடம் நர்ஸாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பழக்கத்தில் நான் பொறுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் மனிதர்கள் மூன்று நாள் செய்வார்கள், நாலாம் நாள் கைகழுவிவிடுவார்கள். ஆகவே ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றில் நகப்பூச்சால் பத்துக் கோடு போட்டேன். வேலை நேரத்தில் முதல் இரண்டு வாரம் ஒரு கோடு அளவு குடிக்க வேண்டும். அதற்குப் பின் இரண்டு வாரத்துக்கு ஒரு கோடு கூடும். இடுப்புவலிக்கு அவர் மிட்டாய் மாதிரி விழுங்கிய மாத்திரைகளைப் பிடுங்கி வைத்தேன். சமையலில் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகக் குறைத்தோம்.

"உப்பு லீவுல போயிருக்கா அத்தை?"

"அது லீவுல போனாத்தான் மாப்பிள்ளை, நீங்க வேலைக்குப் போக முடியும்."

தினமும் வீடு திரும்பியதும் பாட்டிலை என் முன்னால் நீட்டுவார்.

"இன்னைக்கு எத்தனை கோடு?"

"அஞ்சு. போற போக்கப் பாத்தா கூண்டுல மீன் வளக்கலாம்."

ஐந்தாம் மாதம் பாட்டில் முழுக்கக் காலியாக வந்தது. நான் அக்கம்பக்கத்தில் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சமில்லை.

ஆறாம் மாதம் அவர் கால் வீங்கியது, முகம் ஊதியது.

"தண்ணி குடிச்சாரா?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

"தினமும் ஒன்றரை லிட்டர்."

டாக்டர் உச்சாணியைப் பார்த்தார். உச்சாணி தரையைப் பார்த்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபின்தான் வாய் திறந்தார். "கூண்டுக் கண்ணாடில தூசி படிஞ்சு ஒண்ணும் தெரியாது அத்தை. தண்ணிய அதுல ஊத்தித் தொடச்சேன்."

"அஞ்சு மாசமுமா?"

"முதல் மாசம் குடிச்சேன். மூணாவது கோடு வந்ததும் ரெண்டு தடவ இறங்க வேண்டியதாச்சு. 'என்ன உச்சாணி, மாசமா இருக்கியா?'ன்னு சூப்பர்வைசர் மைக்ல எல்லாருக்கும் கேக்கற மாதிரி கேட்டான். அடுத்த வாரம், 'கீழ பாரு, உன் எடத்துக்கு மூணு பேர் நிக்கிறாங்க'ன்னான். உங்ககிட்ட சொன்னா நேரா அவன்கிட்ட சண்டைக்குப் போவீங்க."

போயிருப்பேன். அது வேறு விஷயம். நோயாளி எவ்வளவு குடித்தார் என்று எழுதும்போதே எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்றும் எழுத வேண்டும். எங்கள் பயிற்சியில் முதல் வாரப் பாடம் அது. இவர் நடமாடுகிற ஆள், அதிலும் வீட்டு மாப்பிள்ளை, கேட்கக் கூச்சப்பட்டேன். காலி பாட்டிலைப் பார்த்தே திருப்திப்பட்டுக்கொண்டேன். படுக்கையில் கிடந்த அந்நியர்களிடம் ஒரு நாளும் படாத கூச்சம்.

அந்த மூன்று பேரில் ஒருவன் இப்போது கூண்டில் இருக்கிறான். உச்சாணி வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்கிறார். குடிக்கிற நீர் வெளியேற வழியில்லாததால் நாளுக்கு நாலு கோடுதான் அனுமதி. அதே பாட்டில்தான். நகப்பூச்சு இன்னும் உரியவில்லை.

நேற்று மதியத்துக்குள் நாலு கோடும் தீர்ந்துவிட்டது. வெடித்த உதட்டோடு கையை நீட்டினார்.

"இன்னும் ஒரே ஒரு வாய், அத்தை."

"முடிஞ்சிருச்சு மாப்பிள்ளை."

"கண்ணாடி தொடைக்கன்னு நெனச்சுக் குடுங்களேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.