பாப்பா இல்லாத நேரத்தில் பாடிய பாட்டு

எங்கள் வீட்டில் படம் பார்க்கும்போது ரிமோட் ஒன்பது வயது மகளின் கையில்தான் இருக்கும். அந்தமானில், ஹேடோ குவார்ட்டர்ஸில் சின்ன ஹால், ஒரு பாய், நடுவில் ஒரு கிண்ணம் பொரி. யார் எழுந்தாலும் அவள் படத்தை நிறுத்திவிடுவாள். குக்கர் கத்தினாலும், துறைமுகத்தில் கப்பல் ஹாரன் அடித்தாலும் நிறுத்துவாள். கத்தியை ஓங்கிய வில்லன் அப்படியே நிற்பான். "பாவம், கை வலிக்கும். அவனுக்கும் ஒரு டீ குடு" என்பார் என் வீட்டுக்காரர். யாரும் எதையும் தவறவிடக் கூடாது என்பது மகளின் சட்டம்.

போன வருடம் மெயின்லேண்டிலிருந்து ஒரு பாடகி வந்தார். ஊர்த் திடலில் மேடை போட்டிருந்தார்கள். மகள் டிவியில் மட்டுமே பார்த்தவர். அவர் பாடிய ஒரு தமிழ்ப் பாட்டுக்கு இவள் பாயில் ஆடாத நாள் கிடையாது. முதல் கச்சேரி என்பதால் காலையிலிருந்தே பட்டுப் பாவாடையைக் கழற்றவில்லை. கப்பல் வந்துவிட்டதால் அவள் அப்பாவுக்குத் துறைமுக வார்ஃபில் டூட்டி.

"நீயே கூட்டிட்டுப் போ" என்றார். "பாட்டு கேக்கத்தானே போற? நீ வாயைத் திறக்கவே வேணாம்."

எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. கடையில் மிச்சச் சில்லறை கேட்கவே கூச்சம். அதனால் நாங்கள் தீதி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெங்காலி அக்காவையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கே இருட்டி, விளக்குகள் எரிந்தன. இந்திப் பாட்டு, பெங்காலிப் பாட்டு, மறுபடி இந்தி. மகள் நாற்காலி நுனியிலேயே இருந்தாள். திடீரென்று எழுந்தாள்.

"அம்மா, பாத்ரூம்."

"இப்பவா? உன் பாட்டு வந்துட்டா?"

"நான் வந்ததும் பாடுவாங்க" என்றாள், சந்தேகமே இல்லாமல்.

வரிசையில் எங்கள் முன்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கும்போதே அந்தப் பாட்டின் மேளம் கேட்டது. மகளின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. வேலையை முடித்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடினோம். நாற்காலிக்கு வந்து சேரவும் கடைசி வரி முடியவும் சரியாக இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மகள் தட்டவில்லை.

"பின்னாடி கொண்டுபோகச் சொல்லும்மா" என்றாள். உதடு துடித்தது.

"இங்க ரிமோட் இல்லடா தங்கம்."

"நீ சொல்லு. சொன்னா பாடுவாங்க."

"போலோ நா!" என்று தீதி என் விலாவில் இடித்தாள். "ஷரம் கியா?" சொல்லேன், என்ன வெட்கம் என்கிறாள். அவளுக்கென்ன, அவள் மீன் மார்க்கெட்டையே அடக்குகிறவள்.

நான் எழுந்தேன். "ஒன்ஸ் மோர்" என்றேன். எலி கத்தியது போல் இருந்தது. மகளைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஒன்ஸ் மோர்!"

அந்த நேரம் பார்த்துத் திடலே அமைதியாக இருந்திருக்கிறது. எல்லாத் தலையும் திரும்பியது.

"யாரு அந்த அக்கா?" என்று மைக்கில் சிரித்தார் பாடகி. "அவ்ளோ பிடிச்சிருந்துதா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். பதற்றத்தில் உண்மை வந்துவிட்டது.

"கேக்கவே இல்லம்மா! பாப்பா பாத்ரூம் போயிருந்தா!"

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

"அம்மா!" என்று மகள் என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள்.

பாடகி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாப்பா வந்தாச்சா? வேற யாராவது போகணுமா? இப்பவே போய்ட்டு வந்துடுங்க. நான் வெயிட் பண்றேன்."

மேளம் மறுபடி தொடங்கியது. முதல் வரிக்கு முந்தானைக்குள்ளிருந்து ஒரு கண் வந்தது. இரண்டாவது வரிக்கு முழு மகளும் வந்தாள். பல்லவி திரும்பியபோது நாற்காலிமேல் நின்று ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் புரியாத தீதி அவளைவிட அதிகமாக ஆடினாள். நான் உட்காரப் போனேன். மகள் விடவில்லை.

பாட்டு முடிந்த நொடி, கடைசி வரிசையிலிருந்து ஓர் ஆணின் குரல் வந்தது.

"மேடம், மேரா பச்சா பி கயா தா!" அவர் பிள்ளையும் போயிருந்தானாம்.

பாடகி மைக்கை நெற்றியில் இடித்துக்கொண்டார். திடல் முழுக்க "ஒன்ஸ் மோர்" என்று அலறியது. அதில் எல்லோரையும்விட ஓங்கிக் கேட்ட குரல் என்னுடையது என்று இன்றும் தீதி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.